இரண்டு சதவீதம்

ஆபீசில் எல்லோரும் அந்தச் செம்புச் சுருளை 'பத்மா காயில்' என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து நாகேஸ்வரனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பத்மா என்கிற பத்மப்ரியா வேறு யாரும் இல்லை, அவனுடைய மனைவிதான். கஷ்டமே அதில்தான் இருந்தது. வேறு யாராவது என்றால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மனைவியிடம் வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம். பெண்டாட்டியை இன்னொருத்தன் பார்க்கிறான் என்று பொறாமைப்படுகிறவனுக்கு ஆறுதல் சொல்ல ஊரில் நாலு பேர் கிடைப்பார்கள். பெண்டாட்டி சுற்றிய செம்புக் கம்பியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

திருவனந்தபுரம் பேட்டையில், ரயில்வே பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தது அவர்கள் கம்பெனி. ஸ்ரீஜித் என்பவன் நடத்தினான். மின்சார ஆட்டோக்களுக்கு வயரில்லாத சார்ஜர் செய்வதுதான் வேலை. தரையில் ஒரு பலகை, அதற்குள் ஒரு செம்புச் சுருள். ஆட்டோவின் வயிற்றில் இன்னொரு சுருள். டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து பலகைக்கு மேல் நிறுத்திவிட்டுச் சாயா குடிக்கப் போகலாம். கீழேயிருந்து மேலே அரைச்சாண் காற்றைத் தாண்டிக் கரண்ட் ஏறி, பாட்டரி தானே நிறையும்.

இந்தச் சுருளை முதலில் டிசைன் செய்தவன் நாகேஸ்வரன். ஒரு வருஷம் உட்கார்ந்து செய்தான். வட்டச் சுருள், அழகான சுருள். வண்டி நேராக நின்றால் கரண்ட் கொட்டும். நாலு விரல் விலகி நின்றால் பாதியாகக் குறைந்துவிடும். அதற்கு அவன் தன் ரிப்போர்ட்டில் ஒரு பரிகாரமும் எழுதியிருந்தான்: டிரைவர்களுக்கு வண்டியை நேராக நிறுத்தப் பயிற்சி அளிக்க வேண்டும். திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர்களுக்கு! அதை எழுதும்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதிலிருந்தே அவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

படித்துவிட்டுச் சிரித்தவள் பத்மாதான். அவளைக் கம்பெனியில் சேர்க்கச் சொல்லி ஸ்ரீஜித்திடம் கேட்டதே நாகேஸ்வரன்தான். இரண்டு பேரும் ஒரே காலேஜில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். காவல் சர்க்யூட் செய்ய ஆள் தேவைப்பட்டது. சுருள்களுக்கு நடுவில் சாவியோ நாணயமோ சிகரெட் பாக்கெட்டின் காகிதமோ விழுந்து கிடந்தால், அது அடுப்பில் வைத்த மாதிரிச் சூடேறும். கீழே அனுப்புகிற பவரையும் மேலே வந்து சேருகிற பவரையும் ஓயாமல் ஒப்பிட்டு, நடுவில் காணாமல் போவது அளவுக்கு மிஞ்சினால் உடனே நிறுத்துவதுதான் அந்தச் சர்க்யூட்டின் வேலை. அந்த வேலைக்கு வந்தவள், வந்த சுருக்கில் சுருளையே மாற்றிவிட்டாள். ஒரு வட்டத்துக்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அரைச்சுருள்கள். வண்டி கோணலாக நின்றாலும் கவலையில்லை, ஒரு பாதி விட்டதை இன்னொரு பாதி பிடித்துக்கொண்டது.

ஸ்ரீஜித் அதை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அடிபொளி!" என்று மேஜையைத் தட்டினான். மறுநாளே வேலையை இடம் மாற்றிவிட்டான். சுருள் இனிமேல் பத்மா, காவல் சர்க்யூட் நாகேஷ். அவ்வளவுதான். ஒரு வருஷத்து வட்டச் சுருள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய், கேக் டப்பாக்களுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

நாகேஸ்வரன் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. நல்ல புருஷன் என்று பெயர் வாங்கினான். ஆனால் பத்மா தூங்கினபிறகு அவள் கணக்குகளை எடுத்து வரிவரியாகத் தப்புத் தேடினான். ஒரு தப்பும் இல்லை. ஒரு தப்பும் இல்லாத கணக்கைப் பார்த்து ஒருவனுக்கு அழுகை வரும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளோ, பாவம், கரமனை ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையில் கத்தரிக்காய்க் காம்பை நறுக்கிக்கொண்டே, "நாகு, உன்னோட சர்க்யூட் இல்லேன்னா என்னோட காயில் வெறும் அடுப்பாக்கும், கேட்டயா?" என்பாள். அதில் 'உன்னோட சர்க்யூட்' என்பது அவன் காதில் விழவே விழாது. 'என்னோட காயில்' மட்டும்தான் விழும்.

இந்த நிலைமையில்தான் பெங்களூரிலிருந்து ஆட்டோ கம்பெனிக்காரர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. சார்ஜரைப் பார்த்துப் பிடித்திருந்தால் தங்கள் வண்டிகள் எல்லாவற்றிலும் வைப்பார்கள். அந்தப் பெரிய வேலைக்கு இங்கிருந்து ஒருவரைத் தலைமை டிசைனராகக் கேட்டிருந்தார்கள். ஒரே ஒருவரை. ஸ்ரீஜித் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கப் போகிறவள் பத்மா என்று சொல்லிவிட்டான். நாகேஸ்வரனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைசிச் சோதனை. ஆட்டோவை வேண்டுமென்றே கோணலாக நிறுத்தி ஓடவிட்டார்கள். தொண்ணூற்றொன்று சதவீதம். அதாவது, கீழே நூறு போட்டால் மேலே தொண்ணூற்றொன்று வந்து சேர்ந்தது. பத்மா குழந்தை மாதிரி கைதட்டினாள். நாகேஸ்வரனும் தட்டினான். கை தட்டியது, வயிறு எரிந்தது.

சாயந்திரம் வண்டியைப் பழவங்காடி பிள்ளையார் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோனான் பிஜு. பாறசாலைக்காரன், கம்பெனியின் டிரைவரும் மெக்கானிக்கும் அவன்தான். புது வண்டி என்றால் பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைக்காமல் இந்த ஊரில் யாரும் ஓட்டமாட்டார்கள். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய ஸ்ரீஜித் மட்டும், "நிங்கள் சயன்ஸ் படிச்சவர்களல்லே?" என்று எல்லோரையும் கேலி செய்துகொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பத்மா சொன்னாள்: "வண்டி வந்ததும் அடியில ஒரு தரம் பாத்துடு நாகு. ரோட்டிலேருந்து எதையாவது ஒட்டிண்டு வந்துடும். நாளைக்கு நான் புடவையாக்கும், நுழைஞ்சு பாக்க முடியாது."

வண்டி வந்தது. சக்கரத்தில் எலுமிச்சைச் சாறு, கண்ணாடியில் சந்தனம். நாகேஸ்வரன் முதுகுக்கு ஒரு அட்டையைப் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு அடியில் நுழைந்தான். சுருளை மூடிய கறுப்பு ஃபைபர் தகடு சுத்தமாகத்தான் இருந்தது. வெளியே வரப்போகும்போது டார்ச் கொஞ்சம் சாய்ந்தது. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில், வலதுபக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினான். கறுப்புப் பெயின்ட் உரிந்து, செம்பு பளிச்சென்றது. கோடுகளும் கட்டங்களும் எழுத்துகளும். யந்திரத் தகடு.

யார் வைத்தது என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு ஜோசியரை ஸ்ரீஜித் ரகசியமாகப் பார்க்கிறான் என்பது ஸ்ரீஜித்துக்கு மட்டும்தான் ரகசியம். வண்டியில் ஒட்டச் சொல்லிக் கொடுத்திருப்பான். பிஜு ஒட்டியிருப்பான். அழுக்கில்லாத, சமதளமான, நல்ல இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறான். மேடம் கண்ணில் படக்கூடாதென்று மேலே பெயின்டும் அடித்திருக்கிறான். ஒரு மின்சார ஆட்டோவின் அடியில் செம்பு வைக்கவே கூடாத ஓரிடம் உண்டென்றால் அது அதுதான்.

பிய்த்து எடுக்க விரலை வைத்தான். அப்போதுதான் மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. இவ்வளவு மெல்லிய தகடு. இந்த இடம். எவ்வளவு பவரைத் தின்னும்? கொஞ்சம்தான். காவல் சர்க்யூட் நிறுத்துகிற அளவுக்கெல்லாம் வராது. தீப்பிடிக்காது, யாருக்கும் ஒன்றும் ஆகாது. தொண்ணூற்றொன்று எண்பத்தொன்பதாகும். இரண்டு சதவீதம். நாளைக்கு எல்லார் முன்னாலும் புடவை கட்டிக்கொண்டு நின்று, 'தொண்ணூற்றொன்று' என்று அவள் சொல்லும்போது திரையில் எண்பத்தொன்பது காட்டும். அவள் முகம் ஒரு நிமிஷம் சுருங்கும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நிமிஷம்தான். தன் வட்டச் சுருளை அலமாரியில் ஏற்றியபோது தன் முகம் எப்படி ஆயிற்றோ, அப்படி ஒரு தடவை அவள் முகமும் ஆகவேண்டும்.

சுரண்டின இடத்தில் அழுக்கைத் தடவி மறைத்துவிட்டு வெளியே வந்தான்.

வீட்டில் பத்மா நாளைய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தியோ?"

"பாத்தேன்."

"ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லை."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் சொன்னால் அவளுக்கு அவ்வளவுதான், அந்த விஷயம் முடிந்தது.

காலையில் தூறிக்கொண்டிருந்தது. கார் ஷெட்டில் பலகையைப் போட்டு, சுவரில் பெரிய திரை மாட்டியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து தலைநரைத்த ஒருவரும் ஒரு பெண்மணியும் வந்திருந்தார்கள். நேந்திரங்காய் வறுவல், சாயா எல்லாம் ஆயிற்று. பத்மா மாம்பழ நிறப் புடவையில் நின்று பேசினாள். பயப்படாமல், அலட்டிக்கொள்ளாமல், நடுநடுவே சிரித்துக்கொண்டு. அந்த நரைத்தவர் இரண்டு தடவை தலையாட்டினார். நாகேஸ்வரன் எண்ணிக்கொண்டிருந்தான்.

"பிஜு, உங்க இஷ்டப்படி நிறுத்துங்கோ," என்றாள்.

பிஜு வண்டியைக் கொண்டுவந்து கோணலாக, கண்றாவியாக நிறுத்திவிட்டு இறங்கினான். எல்லோரும் சிரித்தார்கள். பத்மா நாகேஸ்வரனைப் பார்த்து, போடு என்று கண்ணைக் காட்டினாள்.

அவன் போட்டான். பவர் மெல்ல ஏறியது. திரையில் தொண்ணூறு. கொஞ்சம் ஏறியதும் எண்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் ஏறியதும் எண்பத்தைந்து. பத்மாவின் நெற்றி சுருங்கியது. நாகேஸ்வரனுக்கும் சுருங்கியது, ஏனென்றால் அவன் கணக்கில் எண்பத்தைந்து இல்லை. அடுத்த நொடி 'டக்'கென்று சத்தம். பவர் நின்றது. திரை முழுக்கச் சிவப்பு: 'மெட்டல்'.

பலகையைக் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிஜு ஒரு துணியால் துடைத்துக்கூடப் பார்த்தான். நரைத்தவர் இங்கிலீஷில் மெதுவாக, சர்க்யூட் பொய்யாக நிறுத்துகிறதோ என்று கேட்டார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் நிறுத்துகிற சர்க்யூட்டை ரோட்டில் வைக்க முடியாதே என்றார்.

இதை நாகேஸ்வரன் யோசிக்கவே இல்லை. அவள் சுருளைக் குறை சொல்வார்கள் என்றுதான் ராத்திரி முழுக்க ஆசைப்பட்டிருந்தான். இங்கே குறை சொல்வது அவன் சர்க்யூட்டை!

"சாரமில்ல, போகட்டும் நாகேஷே," என்று ஸ்ரீஜித் அவன் தோளைத் தொட்டான். "லிமிட்டைக் கொஞ்சம் கூட்டு. இன்னொரு தரம் ஓட்டாம்."

லிமிட்டைக் கூட்டினால் அந்தத் தகடு பழுக்கும். அதற்கு மேல் ஃபைபர், அதற்கு மேல் சுருள், அதற்கும் மேல் பாட்டரி. அவன் கை கீபோர்டின் மேல் இருந்தது.

"கூட்டவேண்டாம்," என்றாள் பத்மா. நரைத்தவருக்கு நேராகத் திரும்பி, அவருக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷில், நிதானமாகச் சொன்னாள்: நாகேஷின் சர்க்யூட் பொய் சொல்லாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். கோளாறு இருந்தால் என் சுருளில்தான் இருக்கும். எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

சொல்லிவிட்டாள். அவன் எதற்கு ஆசைப்பட்டானோ அதை, எல்லார் முன்னாலும், தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் வந்தேவிட்டது. அவள் முகமும் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் அது அவனுக்குத் தித்திக்கவில்லை, காறியது. இதிலும் நம்மைவிட ஒருபடி மேலே போய்விட்டாளே என்று அப்போதும் ஒரு பொறாமை எட்டிப் பார்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"இருங்கோ, நான் பாக்கறேன்," என்று நாகேஸ்வரன் எழுந்தான்.

"டார்ச் எடுத்துண்டு வரேன், இரு," என்று பத்மா உள்ளே ஓடினாள்.

அவன் இருக்கவில்லை. ஈரத் தரையில் அட்டைகூடப் போடாமல் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்தான். இருட்டு. கை நேராக வலதுபக்கம் போயிற்று. தகடு சுட்டது. பசை இளகியிருந்ததால் இழுத்ததும் வந்துவிட்டது. பத்மா டார்ச்சோடு வந்து குனிவதற்குள் அவன் வெளியே வந்து, விரலை உதறிக்கொண்டு, தகட்டைத் தூக்கிக் காட்டினான்.

கார் ஷெட்டில் கைதட்டல் எழுந்தது. நரைத்தவர் தகட்டைக் கைக்குட்டையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதம் மாதிரி இருக்கிறது, வண்டியில் ஒட்டியிருக்கிறது, பெயின்டுக்கு அடியில் இருக்கிறது, இதையா உன் சர்க்யூட் பிடித்தது என்று கேட்டு, அவன் பெயரை ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார். ரோட்டில் இதுதான் முக்கியம் என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னார். சுருளை யார் வேண்டுமானாலும் சுற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

தகடு எப்படி வந்தது என்று பிஜுவைக் கேட்டபோது அவன் ஸ்ரீஜித்தைப் பார்த்தான். ஸ்ரீஜித் மழையைப் பார்த்தான். "நல்ல எடம்னு நெனச்சு ஒட்டிட்டேன் சார், மேடம் கண்டா வழக்கு பறைஞ்சு திட்டுவாங்கன்னு பெயின்டும் அடிச்சேன்," என்று பிஜுவே பழியை ஏற்றுக்கொண்டான். அந்தப் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, ஸ்ரீஜித் நாகேஸ்வரனைத் தோளோடு அணைத்து, "எங்கட லீட் டிசைனர் நாகேஷ்தான்!" என்று உரக்கச் சொல்லிவிட்டான். மறுபடியும் கைதட்டல்.

பத்மாவும் தட்டினாள். டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினாள்.

இன்னொரு முறை ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ஃபைபர் ஆறட்டும் என்று விருந்தாளிகளை ஸ்ரீஜித் மாடிக்குச் சாயா குடிக்க அழைத்துப் போனான். பிஜுவும் மெதுவாக நழுவினான். ஷெட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான்.

"டார்ச் வேண்டியிருக்கலையா உனக்கு?" என்றாள் பத்மா.

"கையால தடவிப் பாத்தேன்."

"தடவலே. நான் வாசல்லேருந்து பாத்துண்டேதான் வந்தேன். கை நேராப் போச்சு."

அவன் சுட்ட விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நேத்திக்கே கண்டுட்டே," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. போட்டிருந்தால் அவனும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி, அலமாரி மேலே கிடக்கிற வட்டச் சுருளை இழுத்து, பெரிய சண்டையாக்கி, எப்படியோ தப்பித்திருப்பான்.

"எவ்வளவு கொறையும்னு கணக்குப் போட்டே?"

கணக்குப் போட்டிருப்பான் என்று தெரிந்துவைத்திருக்கிறாளே! "ரெண்டு சதவீதம்."

பத்மா கொஞ்ச நேரம் வண்டியின் அடியையே பார்த்தாள். உதடு அசைந்தது. அந்த நேரத்திலும் அவள் மனசுக்குள் போட்டுப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"உன்னோட வட்டக் காயிலை மனசுல வெச்சுண்டு போட்டிருப்பே," என்றாள். "அதுல அந்த எடம் சாது. என்னோடதுல அங்கேதான் கரண்டோட அத்தனை வேகமும். எட்டு, ஒம்பது சதவீதம் போயிருக்கும். அதான் நின்னுடுத்து." பிறகு, சின்னதாக: "இத்தனை மாசமா ராத்திரி என் கணக்கையெல்லாம் எடுத்துப் பாத்தியே நாகு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா? நீ படிச்சுப் புரிஞ்சுக்கறேன்னு நெனச்சேன்."

அவன் வாயைத் திறந்தான். மாடியிலிருந்து ஸ்ரீஜித்தின் குரல் முந்திக்கொண்டது: "பத்மா! ரெடியோ? அவர் எறங்கி வர்றார்!"

"ஒரு நிமிஷம் சார்!" என்று குரல் கொடுத்தாள். மாம்பழ நிறப் புடவையின் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள். ஈரத் தரையில் முழங்காலை ஊன்றினாள்.

"நான் பாக்கறேன் பத்மா, நீ புடவையோட..."

"வேண்டாம். இனிமே அடியில நானே பாத்துக்கறேன்."

டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவள் வண்டிக்கடியில் நுழைந்தாள். நரைத்தவர் படியிறங்கி வந்து, புது லீட் டிசைனரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுட்ட விரலில் எரிந்தது. கீழே டார்ச் வெளிச்சம் அவசரமில்லாமல் ஒவ்வொரு மூலையாக நகர்ந்துகொண்டிருந்தது.